எஸ்பெராண்டோவின் இலக்கணமும் உச்சரிப்பும் தமிழருக்கு எளிதா?

இலக்கணம் எளிதுங்க, உச்சரிப்புதான் கொஞ்சம் படுத்தும்.

பல நாட்டாரும் பொதுவாகப் பேசட்டும் என்று ஸாமென்ஹோஃப் என்ற மருத்துவர் உருவாக்கி 1887-இல் வெளியிட்ட செயற்கை மொழி இது. அடிப்படை விதிகள் 16. பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில் முடியும். விதிவிலக்கே கிடையாது. எழுதியபடியே வாசிக்கலாம், அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்.

'பானோ' என்றால் ரொட்டி, 'பானோன்' என்றால் ரொட்டியை. நம் 'ஐ' உருபு மாதிரிதான், இங்கிலீஷ்காரரைவிட நமக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் 'நல்ல ரொட்டியை' என்றால் 'போனான் பானோன்'. பெயரடைக்கும் உருபு ஒட்டும்! 'நல்ல+ஐ ரொட்டி+ஐ' என்பது போல. நான் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஒலிக்கு வருவோம். அதே 'பானோ'வைப் 'பஸ்'ஸில் வரும் ப போலச் சொன்னால் குளியல்! அவர்களுக்கு அவை p, b என்று இரண்டு எழுத்து, நமக்கு ஒரே 'ப'. தமிழில் குறித்துப் படித்தால் ரொட்டியில் குளிக்க வேண்டியதுதான். அப்புறம் சொல் முதலில் மெய்கள் கூட்டமாக வரும். ஸ்கூலை 'இஸ்கூலு' என்னும் எங்கள் ஈரோட்டுப் பக்கத்து நாக்குக்கு அது சிரமம்.

இன்னொரு குறை, எனக்கு மட்டும் குறையாகப் படுவது: நீ, நீங்கள் இரண்டுக்கும் நடைமுறையில் 'வி' ஒன்றுதான். அப்பிச்சிக்கும் (அம்மாவின் அப்பாவுக்கு) 'வி', ஆட்டுக்குட்டிக்கும் 'வி'. பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடும் கொங்குக்காரனுக்கு வாய் கூசுதுங்க.