ஃப்ரீ ஏஜென்ட் சென்டர் உங்கள் அணிக்குப் பொருந்துவாரா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் ஆதரிக்கும் அணிக்கு உயரமான சென்டர் (பொதுவாகக் கூடைக்கு அருகில் ஆடும் வீரர்) ஒருவர் தேவைப்படுகிறார். ஒப்பந்தம் முடிந்து, வேறு அணியில் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாக வெளிவரும் ஒருவர் ஆட்டத்துக்கு 15 புள்ளிகளும் 9 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பது) எடுக்கிறார். அவரை உடனே எடுக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்களில் சிலர். எங்கள் ஆட்டமுறைக்கு அவர் ஒத்துவர மாட்டார் என்கிறார்கள் மற்றவர்கள். எதை வைத்து இதை முடிவு செய்வது?

பதில்: நீங்கள் தந்திருக்கும் இரண்டு சராசரிகளும் அவர் திறமையானவர் என்பதைச் சொல்கின்றன, உங்கள் அணிக்குப் பொருந்துவார் என்பதைச் சொல்லவில்லை. ஒரு சென்டர் களத்தில் இருக்கும் நேரத்தில் மிகச் சிறிய பகுதியே பந்து அவர் கையில் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு விரைவாக நகர்கிறார், அவர் நிற்கும் இடத்தால் மற்ற நால்வரின் வேலை எளிதாகிறதா கடினமாகிறதா என்பதைப் பொறுத்தே பொருத்தம் அமைகிறது. ஆகவே அவரிடம் பந்து இல்லாத நேரத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதிலும் தாக்குதலுக்கு முன்னால் தற்காப்பைப் பாருங்கள்.

இதற்கு ஒரே அணி, ஒரே நட்சத்திர வீரரை வைத்துக்கொண்டு, மூன்றாண்டு இடைவெளியில் செய்த இரண்டு ஒப்பந்தங்களைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது கடினம். 2015 ஜூலையில் மில்வாக்கி பக்ஸ் அணி, கிரெக் மன்றோவை மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அதற்கு முந்தைய பருவத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்காக அவர் ஆட்டத்துக்கு 15.9 புள்ளிகளும் 10.2 ரீபவுண்டுகளும் எடுத்திருந்தார். நீங்கள் குறிப்பிடும் வீரரின் எண்களுக்கு இவை மிக நெருக்கமானவை. பக்ஸ் அப்போது 41 வெற்றிகளுடன், பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபுக்குச் சென்று திரும்பியிருந்த இளம் அணி. நான் சொன்ன நட்சத்திர வீரரான யானிஸ் அன்டெட்டோகும்போ வளர்ந்து வந்த காலம் அது. கூடைக்கு அருகில் நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடிய ஒருவர் வந்தால் அணி அடுத்த படிக்கு ஏறும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

வந்த பிறகும் மன்றோவின் எண்கள் பெரிதாக மாறவில்லை. 2015-16 பருவத்தில் அவர் 15.3 புள்ளிகளும் 8.8 ரீபவுண்டுகளும் எடுத்தார். அணியோ 41 வெற்றிகளிலிருந்து 33க்கு இறங்கியது. முந்தைய பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த சில தற்காப்புகளில் ஒன்றாக இருந்த பக்ஸ் தற்காப்பு, பின்வரிசைக்குப் போனது. இந்தச் சரிவு முழுவதையும் மன்றோவின் மேல் சுமத்துவது நியாயமன்று. சாசா பச்சூலியா, ஜேரட் டட்லி போன்ற அனுபவசாலிகளும் அதே கோடையில் அணியை விட்டுப் போயிருந்தார்கள். ஆனாலும் ஆட்டமுறைக்கும் வீரருக்கும் இருந்த முரண்பாட்டைக் களத்தில் எவரும் காண முடிந்தது. பயிற்சியாளர் ஜேசன் கிட் அமைத்திருந்த தற்காப்பில், எதிரணியினர் ஸ்கிரீன் போட்டவுடன் (பந்து வைத்திருப்பவரைக் காப்பவரின் வழியை இன்னொருவர் உடலால் மறித்தவுடன்) சென்டரும், வெளியே ஆடும் சிறிய வீரரான கார்டும் சேர்ந்து பந்து வைத்திருப்பவரை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலேயே பாய்ந்து வளைக்க வேண்டும். பந்து கைமாறிய அந்த நொடியிலேயே சென்டர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடி வர வேண்டும். மன்றோ நல்ல கைகளும் நல்ல பார்வையும் கொண்ட வீரர், ஆனால் வேகமான கால்கள் கொண்டவர் அல்லர். அவர் திரும்பி வந்து சேர்வதற்குள் பந்து இரண்டு கைகள் மாறிக் கூடைக்கு அடியில் சேர்ந்துவிடும்; அதைத் தடுக்க மற்றவர்கள் உள்ளே ஓடி வர, களத்தின் மூலையான கார்னரில் நிற்கும் எதிரணி வீரர் தனித்துவிடப்படுவார். இப்படி வரும் புள்ளிகள் எவையும் மன்றோவின் பெயருக்கு எதிரே எழுதப்படுவதில்லை. சராசரிகளை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறை கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

ஸ்கிரீன் ஆட்டத்தைச் சந்திக்கும் முறைகளை இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடையில் பாதிக்கு மேல் இதில்தான் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன, இருவர் பாய்ந்து வளைக்கும் முறைக்கு பிளிட்ஸ் என்று பெயர். அதற்கு வேகமாகத் திரும்பி ஓடக்கூடிய சென்டர் வேண்டும். டிராப் என்பது இதற்கு நேர்மாறானது: சென்டர் பின்வாங்கிக் கூடையைக் காத்து நிற்பார், கார்டு மட்டும் ஸ்கிரீனைச் சுற்றிப் பந்துக்காரரைத் துரத்துவார். இங்கே கால் வேகத்தைவிட உயரமும், கை நீளமும், பந்துக்காரர் எறியப் போகிறாரா உள்ளே பாஸ் கொடுக்கப் போகிறாரா என்று கடைசி நொடி வரை, அவருக்கும் ஸ்கிரீன் போட்டுவிட்டு உள்ளே ஓடுபவருக்கும் நடுவில் காத்திருக்கும் பொறுமையும் முக்கியம். மூன்றாவது, ஸ்விட்ச்: காக்க வேண்டிய ஆளைச் சென்டரும் கார்டும் மாற்றிக்கொள்வார்கள், ஏழடி உயர சென்டர் திடீரென்று ஆறடி கார்டை வெட்டவெளியில் தனியாகச் சமாளிக்க வேண்டும். மூன்றையும் நன்றாகச் செய்யக்கூடிய சென்டர்கள் லீக்கில் மிகச் சிலரே, அவர்கள் பெரும்பாலும் ஃப்ரீ ஏஜென்டாக வெளியே வருவதில்லை. எனவே உங்கள் அணி இந்த மூன்றில் எதை அதிகம் ஆடுகிறது, இவர் எதில் தேறியவர் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இப்போது இரண்டாவது ஒப்பந்தத்துக்கு வருவோம். 2018இல் பக்ஸ் அணிக்கு மைக் பூடன்ஹோல்சர் பயிற்சியாளரானார். அந்தக் கோடையில் ப்ரூக் லோபஸ், ஓராண்டுக்கு ஏறத்தாழ 34 லட்சம் டாலர் என்ற மிகச் சிறிய தொகைக்கு வந்து சேர்ந்தார். மன்றோவுக்கு ஓராண்டில் கொடுத்த சம்பளத்தில் இது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. லோபஸும் வேகமானவர் அல்லர். ஒருவேளை மன்றோவைவிடவும் மெதுவானவர். ஆனால் பூடன்ஹோல்சர் அவரைக் கோட்டுக்கு வெளியே ஓடச் சொல்லவில்லை. டிராப் முறையில் கூடைக்கு அருகிலேயே நிறுத்தினார்; அவருடைய உடலும் நீண்ட கைகளும் அங்கே முழுமையாகப் பயன்பட்டன. தாக்குதலின்போது அவரை மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பல அடி வெளியே நிறுத்தினார். எதிரணி சென்டர் அவரைப் பின்தொடர்ந்து வெளியே வந்தாக வேண்டியிருந்ததால், யானிஸ் கூடையை நோக்கிப் பாயும் பாதை திறந்தது. 2018-19இல் பக்ஸ் 60 வெற்றிகளுடன் லீக்கில் முதலிடம் பெற்றது. தற்காப்பிலும் முதலிடம் அதற்கே. லோபஸின் சராசரிகள் 12.5 புள்ளிகள், 4.9 ரீபவுண்டுகள்.

ஏழடி மனிதர் ஒருவர் ஐந்து ரீபவுண்டுகூட எடுக்கவில்லையே என்று தோன்றலாம். ஆனால் அந்த அணி ரீபவுண்டில் லீக்கின் முன்வரிசையில் இருந்தது. பந்து கூடையில் பட்டுத் தெறிக்கும்போது லோபஸ் எதிரணி சென்டரை முதுகால் தள்ளி மறித்து நிற்பார். யானிஸ் வந்து பந்தை எடுத்துக்கொண்டு அப்படியே எதிர்க்கூடை நோக்கி ஓடத் தொடங்குவார். ரீபவுண்ட் எண்ணிக்கை யாருடைய கணக்கில் சேர்ந்தது என்பதைவிட, அவர் களத்தில் இருக்கும்போது அணி மொத்தமாக எத்தனை விழுக்காடு ரீபவுண்டுகளைப் பெறுகிறது என்பதையே கேட்க வேண்டும். உங்கள் வீரரின் 9 ரீபவுண்டுகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தம் அணி வீரர் எளிதாக எடுத்திருக்கக்கூடிய பந்தை அவர் எடுக்கிறாரா, எதிரணிக்குப் போயிருக்க வேண்டிய பந்தை மீட்டுத் தருகிறாரா என்பது வேறு வேறு.

தாக்குதலில் பார்க்க வேண்டியது இடநெருக்கடி. உங்கள் அணியின் சிறந்த வீரர் எந்த இடத்தில் நின்று ஆடுகிறாரோ அதே இடத்தில் இவரும் நிற்கிறவரானால், இருவரும் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும் ஒருவரை ஒருவர் மறிப்பார்கள். 2019இல் பிலடெல்பியா செவன்டிசிக்ஸர்ஸ் அணி அல் ஹோர்ஃபோர்டை நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலரை ஒட்டிய தொகைக்கு எடுத்தது. ஹோர்ஃபோர்டு அறிவுக் கூர்மையுடன் ஆடுபவர், பாஸ் கொடுப்பதில் வல்லவர், பாஸ்டனில் எல்லோரும் போற்றிய சென்டர். ஆனால் பிலடெல்பியாவில் கூடைக்கு அருகே ஜோயல் எம்பீட் இருந்தார். வெளியிலிருந்து எறியாத பென் சிம்மன்ஸும் அதே பகுதிக்குத்தான் ஓடி வந்தார். ஹோர்ஃபோர்டு கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். அவருடைய சிறந்த குணமான, நடுக்களத்தில் நின்று பந்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஆட்டத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று. பருவத்தின் நடுவில் பெஞ்சுக்கு மாற்றப்பட்டார். ஒரே பருவத்துக்குப் பிறகு, முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, அவரை ஒக்லஹோமா சிட்டிக்கு அனுப்பினார்கள். பின்னர் பாஸ்டனுக்கே திரும்பி 2024இல் சாம்பியன் ஆனார். தேய்ந்து போனவர் என்று பிலடெல்பியாவில் பேசப்பட்ட அதே மனிதர்தான் அவர்.

விலையும் பொருத்தத்தின் ஒரு பகுதியே. 2024 கோடையில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணி, நியூயார்க் நிக்ஸிடமிருந்து வெளிவந்த ஐசையா ஹார்டன்ஸ்டைனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 8.7 கோடி டாலர் கொடுத்தது. முந்தைய பருவத்தில் அவர் ஆட்டத்துக்கு எடுத்தவை 7.8 புள்ளிகள் மட்டுமே. உங்கள் வீரரின் எண்ணில் ஏறத்தாழ பாதி. அவ்வளவு கொடுத்தது ஏன் என்பதை அந்த அணியின் நிலையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். தண்டருக்குப் புள்ளி எடுப்பவர்கள் குறைவில்லை. 57 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்றும், இரண்டாம் சுற்றில் டாலஸிடம் தோற்றது. ஒல்லியான செட் ஹோம்கிரன் ஒருவரே பெரிய உடல்களையெல்லாம் தாங்க வேண்டியிருந்தது. கனமான ஸ்கிரீன், ரீபவுண்ட், நடுக்களத்தில் பந்தை வாங்கி, கூடையை நோக்கித் திடீரெனப் பாய்ந்து ஓடுபவருக்குக் கொடுக்கும் பாஸ் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. ஹார்டன்ஸ்டைனிடம் மூன்றும் இருந்தன. அடுத்த பருவத்தில் தண்டர் 68 வெற்றிகள் பெற்றுச் சாம்பியன் ஆனது. ஏற்கெனவே புள்ளி எடுக்கத் தெரிந்த அணிக்கு மேலும் 15 புள்ளிகள் தருபவரைவிட, இல்லாததைத் தருபவரே மதிப்பு மிக்கவர் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அதே பருவத்தின் இறுதித் தொடரில் எதிரணியான இந்தியானாவின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதற்காக, முதல் ஆட்டத்தில் ஹார்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரில் சேர்க்காமல் கேசன் வாலஸ் என்ற கார்டை இறக்கினார் பயிற்சியாளர் மார்க் டேக்நால்ட். நான்காவது ஆட்டத்தில்தான் ஹார்டன்ஸ்டைன் தொடக்க ஐவருக்குத் திரும்பினார். பிளேஆஃபில் எதிரணி ஒரு சென்டரின் பலவீனத்தையே குறிவைத்து மீண்டும் மீண்டும் அடிக்கும். 2021இல் யூட்டா ஜாஸின் ரூடி கோபேர், லீக்கின் சிறந்த தற்காப்பாளர் விருதை அப்போதுதான் மூன்றாம் முறையாகப் பெற்றிருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி ஐந்து பேரையும் வெளியே நிறுத்திச் சிறிய வீரர்களாகவே இறக்க, அவர் காக்க வேண்டிய டெரன்ஸ் மான் ஆறாவது ஆட்டத்தில் 39 புள்ளிகள் எடுத்து யூட்டாவை வெளியேற்றினார். கோபேர் உள்ளே ஓடி உதவியதில் பிழையில்லை. வெளியே கார்டுகள் தொடர்ந்து தாண்டப்பட்டதால் அவர் ஓட வேண்டியதாயிற்று. டிராப் முறை சென்டரை எடுக்கும் அணி, ஸ்கிரீனைச் சுற்றி விடாது துரத்தும் கார்டுகளையும் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் வீரர் ஐரோப்பிய கிளப் ஒன்றிலிருந்து வருபவரானால் இன்னொன்றையும் கவனியுங்கள். எவரையும் நெருங்கிக் காக்காமல், கூடைக்கு முன்னால் உள்ள பெயின்ட் பகுதியில் மூன்று நொடிகளுக்கு மேல் தற்காப்பாளர் நிற்கக் கூடாது என்ற விதி என்பிஏயில் உண்டு. உலகக் கூடைப்பந்து கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி ஆடும் ஐரோப்பாவில் அது இல்லை. அங்கே கூடைக்கு அடியில் நிலையாக நின்று பெயர் வாங்கியவர் இங்கே இடைவிடாமல் நகர வேண்டியிருக்கும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அவருடைய சிறந்த ஆட்டத் தொகுப்புகளைப் பார்க்க வேண்டாம். அவற்றில் அவர் தவறவிட்டவை இருப்பதில்லை. முழு ஆட்டங்கள் மூன்றோ நான்கோ எடுத்துக்கொண்டு, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். எதிரணி ஸ்கிரீன் போடும் நொடியில் அவர் கால்கள் எங்கே இருக்கின்றன, பந்து அவரைத் தாண்டிய பிறகு எத்தனை அடியில் மீள்கிறார், கடைசி ஆறு நிமிடங்களில் ஆட்டம் நெருக்கமாக இருக்கும்போது பயிற்சியாளர் அவரைக் களத்தில் வைத்திருக்கிறாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஓர் ஆட்டமாவது சிறிய வீரர்களை இறக்கும் அணிக்கு எதிரானதாக இருக்கட்டும். என்பிஏயின் புள்ளிவிவரத் தளத்தில், அவர் அருகில் இருக்கும்போது எதிரணியினர் கூடைக்குப் பக்கத்தில் எத்தனை விழுக்காடு எறிகளைப் போடுகிறார்கள் என்பதை எவரும் பார்க்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஐவர் சேர்ந்து ஆடிய நிமிடங்கள் சில பத்துகளே இருந்தால் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் அணி டிராப் ஆடுகிறது, உங்கள் நட்சத்திரம் வெளியிலிருந்து எறிபவர், இவர் கூடைக்கு அருகில் ஆடுபவர் என்றால் 15 புள்ளிகளும் 9 ரீபவுண்டுகளும் உங்கள் களத்திலும் உயிர் பெறும். நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. உங்கள் அணி ஸ்விட்ச் அல்லது பிளிட்ஸ் ஆடுகிறது, நட்சத்திரமும் கூடையை நோக்கியே ஓடுபவர் என்றால், அந்த விலைக்கு அவரைத் தொடக்க ஐவரில் சேர்க்கப் பரிந்துரைக்க மாட்டேன். மன்றோகூட 2016-17இல் ஓர் ஆட்டத்தையும் தொடங்காமல் பெஞ்சிலிருந்து வந்து, மாற்று வீரர்களுக்கு நடுவில் பந்தைக் கையில் வைத்து ஆடியபோது 11.7 புள்ளிகள் எடுத்து, பக்ஸ் மீண்டும் பிளேஆஃபுக்குப் போக உதவினார். குறைந்த ஆண்டுகளுக்கு, அத்தகைய ஓர் இடத்துக்கு, அதற்குரிய சம்பளத்தில் வர அவர் இசைந்தால் எடுக்கலாம்.