அடுத்த வாரமும் வரும் என்று நினைத்த நிகழ்ச்சிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடத்துக்கு மேல் டிவி மெக்கானிக்காக இருந்தவன் நான். பல வருடம் ஓடி, இன்று பேர்கூட மறந்துபோன நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஐயா, 'ஒளியும் ஒலியும்' எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. 'வயலும் வாழ்வும்' பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசுகிறார்கள் தம்பி, கேலி செய்வதற்காக. எனக்கு அது வருத்தம்தான். 'ஒளியும் ஒலியும்' போட்டது சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டெல்லாம் இன்றும் கிடைக்கிறது, அதனால் நிகழ்ச்சியின் பேரும் நிற்கிறது. 'வயலும் வாழ்வும்' சொன்னது அந்தந்தப் பருவத்துச் சேதி. பருவம் முடிந்ததும் அதுவும் போய்விட்டது.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் ஆன்டெனா சரிசெய்யப் போயிருந்தேன். கறுப்பு வெள்ளை சாலிடேர் டிவி. கரும்பை நீளவாக்கில் பிளந்து, இடைக்கணுப் புழு குடைந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தினக்காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்த ஓட்டையைப் பென்சிலால் வரைந்துகொண்டார். புழு என்ன நிறம் என்று டிவியில் தெரியாதே! மறுநாள் காலையில் வயலுக்குப் போய்த் தானே கரும்பைப் பிளந்து பார்த்தாராம். ஒரு நிகழ்ச்சியை இவ்வளவு அக்கறையாகப் பார்த்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

கேள்வி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை): அண்ணே, சிலோன் டிவி நம்ம ஊரில் தெரியும் என்று அப்பா சொல்கிறார். நிஜமா?

நிஜம். சிலோன் அரசு டிவியான ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. கடலோரத்தில் இருந்த நமக்கு அது ஒரு கொடுப்பினை. சென்னைக்கு ஆன்டெனாவை வடக்கே திருப்ப வேண்டும், சிலோனுக்குத் தெற்கே. கடலின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் அடுக்காக நின்றால், அலைகள் மேலே தப்பிப் போகாமல் வளைந்து வெகுதூரம் வரும். அதனால்தான் காற்று அசையாத கோடை இரவுகளில் படம் பளிச்சென்று தெரியும், மழைக்காலத்தில் வெறும் புள்ளிதான். மாடியில் ஒருவர் பைப்பைத் திருப்ப, கீழே இருந்து 'போதும், போதும், கொஞ்சம் பின்னாடி' என்று கத்தாத வீடு உண்டா?

கேள்வி (வில்லியனூர்): 'சுரபி' எத்தனை வருடம் வந்தது?

1990ல் தொடங்கி 2001 வரை, நடுவில் ஓர் இடைவெளியோடு. சித்தார்த் காக், ரேணுகா ஷஹானே இருவரும் நடத்தினார்கள். இந்தி புரியாதவர்கள்கூட உட்கார்ந்து பார்த்தார்கள், எந்த ஊர்க் கைத்தொழிலைக் காட்டினாலும் கை வேலை செய்வது கண்ணுக்குத் தெரியுமே. கேள்விக்குப் பதில் எழுதி 15 பைசா கார்டில் அனுப்புவோம். கார்டுகள் மூட்டை மூட்டையாகக் குவியவே, போட்டிகளுக்கென்று விலை கூடிய தனி அஞ்சலட்டையைத் தபால் துறை கொண்டுவந்தது.

கேள்வி (முதுநகர்): 'ஜுனூன் தமிழ்' என்கிறார்களே, அது என்ன?

90களில் தூர்தர்ஷனில் வந்த இந்தித் தொடர் 'ஜுனூன்'. தமிழில் குரல் கொடுத்தபோது 'எனக்குத் தெரியும் உன்னைப் பற்றி' என்று வாக்கியம் தலைகீழாக விழும். இந்தி இலக்கணம் அப்படி என்று சிலர் சொல்வது தவறு, இந்தியிலும் வினை கடைசியில்தான் வரும். உதட்டசைவோடு ஒட்டவைக்கப் பட்ட பாடு அது. தொடரின் கதை யாருக்கும் ஞாபகமில்லை, பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

கேள்வி (பண்ருட்டி): 'கோலங்கள்' எத்தனை எபிசோடு சார்?

1500க்கும் மேல். 2003 நவம்பரிலிருந்து 2009 டிசம்பர் வரை.

கேள்வி (நெல்லித்தோப்பு): 'எதிரொலி' மாதிரி நிகழ்ச்சிகளை ஏன் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை?

நேயர் கடிதங்களை வாசித்து நிலையத்தார் பதில் சொன்ன நிகழ்ச்சி அது. திட்டி எழுதினாலும் வாசிப்பார்கள். அடுத்த வாரமும் வரப்போவதை யாராவது எடுத்து வைப்பார்களா அம்மா? கல்யாணத்தைப் பதிவு செய்தோம், தினமும் சாப்பிட்ட சோற்றையா செய்தோம்? நிலையங்களிலும் டேப் விலை அதிகம், பழையதன் மேலேயே புதியதைப் பதிவார்கள். நான் நிகழ்ச்சி நேரங்களை எழுதிவைத்திருந்த நோட்டுகள் மூன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் ஓடு பறந்து, இரண்டு ஊறிப் போயின. ஒன்றுதான் மிச்சம்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): வீட்டில் பழைய வீடியோ கேசட் நாலு இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து அப்படியே போடாதீர்கள். முன்பக்க மூடியைத் தூக்கி, வெளிச்சத்தில் டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் பூஞ்சை. நம் கடற்காற்றுக்கு அது சீக்கிரம் வரும். பிளேயரில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் கெடும், அடுத்து போடும் நல்ல கேசட்டிலும் ஒட்டிக்கொள்ளும். துடைக்கவும் வேண்டாம். காகிதத்தில் சுற்றி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல் நிமிர்த்தி எடுத்து வாருங்கள். சினிமாப் படம் பதிந்ததாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், படம் முடிந்த பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.