வெயிலைக் குவித்து மின்சாரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய டிஷ் ஆன்டெனாவில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, வெயிலைக் குவித்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாமா?

பதில்: வெந்நீர் போடலாம், மின்சாரத்துக்குக் கட்டுப்படியாகாது. 1.2 மீட்டர் விட்டமுள்ள டிஷ்ஷின் பரப்பு சுமார் 1.1 சதுர மீட்டர். உச்சி வெயிலில் அதன்மேல் விழுவது ஏறக்குறைய 1,000 வாட். ஒட்டிய துண்டுகளின் இடுக்கிலும் கோணலிலும் கால் பங்காவது வீணாகும். மிச்சத்தில் 5 சதவீதத்தை ஒரு குட்டி நீராவி இன்ஜின் மின்சாரமாக்கினாலே பெரிய விஷயம். 40 வாட்கூடத் தேறாது. அதே பரப்புள்ள சோலார் பேனல் 200 வாட் தரும். சரி, அந்தப் பேனலையே குவியத்தில் வைத்தால்? செல் சூடேறி வோல்டேஜ் இறங்கும், சாலிடர் விட்டுப்போகும், கடைசியில் கருகும்.

வெந்நீருக்காகச் செய்பவர்கள் கவனிக்க: சூரியன் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது. அதன் வட்டமோ அரை டிகிரிதான். எனவே டிஷ்ஷை அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கெட்டித் துணியால் மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் டிஷ் எதை எரிக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: லேசான மேகத்திலும் பேனல் ஓரளவு ஓடுகிறது. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

பதில்: சூரியனிடமிருந்து நேர்கோட்டில் வரும் கதிரைத்தான் கண்ணாடியால் குவிக்க முடியும். மேகத்தில் சிதறிய ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் ஒரு புள்ளியில் சேராது. தூசியும் ஒளியை அப்படித்தான் சிதறடிக்கும். போதாததற்கு, கண்ணாடியில் ஒளி தூசிப் படலத்தை உள்ளே போகும்போதும் திரும்பும்போதும் கடக்கிறது.

கேள்வி: இப்படிப்பட்ட நிலையம் இரவிலும் மின்சாரம் கொடுப்பது எப்படி?

பதில்: உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமித்து. சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 சதவீதம் (எடையில்) கலந்த உப்பு இது. 290 டிகிரி செல்சியஸ் தொட்டியிலிருந்து, கண்ணாடிகளின் நடுவே நிற்கும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, குவிந்த வெயிலில் 565 டிகிரிக்குச் சூடாகி, இன்னொரு தொட்டியில் இறங்குகிறது. வேண்டும்போது அதைக் கொண்டு நீராவி எழுப்பி டர்பைனைச் சுற்றலாம். ஸ்பெயினின் ஹெமாசோலார் நிலையம் (2011) 15 மணி நேரத்துக்கான வெப்பத்தை இப்படிச் சேமிக்கிறது.

தலைவலி எங்கே என்றால், சுமார் 240 டிகிரிக்குக் கீழே போனால் உப்பு உறைய ஆரம்பிக்கும். அதனால் பைப், வால்வு எல்லாவற்றிலும் மின் ஹீட்டர் சுற்றியிருப்பார்கள். மாலையில் கோபுரக் குழாய்களிலுள்ள உப்பைக் கீழே வடித்துவிட வேண்டும். காலையில் சில கண்ணாடிகளை மட்டும் திருப்பி, காலிக் குழாய்களைச் சூடாக்கிய பிறகே உப்பை ஏற்றலாம். அவசரப்பட்டால் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அடைத்த பைப்பை நடுவில் சூடாக்கக் கூடாது. உப்பு உருகும்போது விரியும். இருபுறமும் கட்டி நின்றால் போக வழியின்றிப் பைப்பையே பிளந்துவிடும். திறந்த முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே உருக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய தொட்டியிலும் சிக்கல் வரும்: அமெரிக்காவின் கிரெசன்ட் டியூன்ஸ் நிலையம் 2016-இல் உப்புத் தொட்டி கசிந்து மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.