பழைய வரிசை வீட்டை வாங்கி, சீர்செய்து விற்பது: கேள்வி-பதில்

கேள்வி: நகரத்தின் பழைய பகுதியில், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய ஒரு மாடி வீடு விலைக்கு வருகிறது. வாங்கிச் சீர்செய்து ஓராண்டுக்குள் விற்க எண்ணம். என்ன விலைக்குக் கிடைத்தால் கட்டுப்படியாகும்?

பதில்: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். வேலை முடிந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதே தெருவில், அதே அகலத்தில், அதே எண்ணிக்கை அறைகளோடு சமீபத்தில் கைமாறிய மூன்று நான்கு வீடுகளின் விலையை விசாரியுங்கள். விளம்பரத்தில் சொல்லும் விலை எதற்கும் உதவாது; பத்திரம் முடிந்த விலை வேண்டும். வரிசை வீட்டில் இது சுலபம், ஏனென்றால் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. அதே காரணத்தால் ஒரு வரம்பும் உண்டு. தெருவிலேயே அதிக விலைக்குப் போன வீட்டைத் தாண்டி உங்கள் வீடு வெகுதூரம் போகாது, உள்ளே எவ்வளவு இழைத்தாலும் சரி.

விற்கும் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வேலைச் செலவு 20. பழைய வீடு என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4, எதிர்பாராததற்கு. வாங்கும்போதும் விற்கும்போதும் பதிவு, தரகு, வரி சேர்த்து 8. வீடு கையில் இருக்கும் ஒன்பது மாதத்துக்கு வட்டி, சொத்து வரி, காப்பீடு 6. லாபம் 12. மிச்சம் 50, அதுதான் நீங்கள் கொடுக்கலாம் என்ற உச்ச விலை. எண்களை உங்கள் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த இனத்தையும் விடாதீர்கள். பெரும்பாலோர் மறப்பது அந்த 6-ஐத்தான். வேலை இன்னும் ஆறு மாதம் இழுத்தால் அது 10 ஆகிவிடும். கூடுதலான 4 லாபத்திலிருந்துதான் போகும். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காலி.

கேள்வி: வீட்டைப் பார்க்க ஒரு மணி நேரம்தான் தருவார்கள். எதை எதைப் பார்ப்பது?

பதில்: டார்ச், தூக்குக் குண்டு, ஸ்க்ரூடிரைவர், காந்தம் நான்கையும் எடுத்துப் போங்கள். சமையலறையைப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள், அது எப்படியும் மாறப்போகிறது. மேலிருந்து தொடங்குங்கள்.

கூரையில் பார்க்க வேண்டிய இடம் பொதுச்சுவரும் (பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர்) கூரையும் சேரும் மூலை. இரண்டு வீட்டுக்காரரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்ட இடம் அது. கைப்பிடிச் சுவரின் உச்சியில் விரிசலும் செடியும் இருந்தால் கீழே இரண்டு அறைக்காவது நீர் இறங்கியிருக்கும். ஓட்டுக் கூரையானால் பரணில் ஏறி, பொதுச்சுவர் ஓடு வரை எழும்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வரிசைகளில் சுவர் சில சமயம் மச்சோடு நின்றுவிடும். பரண் வீடு வீடாகத் திறந்தே ஓடும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் புகையும் தீயும் வரிசை முழுக்கப் பரவ அந்த வழி போதும். அதைச் செங்கலாலோ தீ தாங்கும் பலகையாலோ அடைக்கும் செலவு உங்களுடையது.

அடுத்தது முகப்புச் சுவர். தளத்தைத் தாங்கும் மரவிட்டங்கள் பெரும்பாலும் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்கு ஓடும், குறுகிய தூரம் அதுதான் என்பதால். அதனால் முகப்புச் சுவர் தளத்தைத் தாங்குவதும் இல்லை, தளத்தோடு சரியாகப் பிணைந்திருப்பதும் இல்லை. காலப்போக்கில் தெருப்பக்கம் தொப்பை தள்ளும். மாடி ஜன்னலிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். உள்ளே, மாடித் தரைக்கும் முகப்புச் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரும்புக் கம்பி போட்டுச் சுவரை விட்டங்களோடு இழுத்துக் கட்டலாம்தான், ஆனால் அது பொறியாளர் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

முடி போன்ற விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டியது, ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறுவது, ஓர் ஓரம் அகலமாகவும் மறு ஓரம் குறுகியும் இருப்பது, இவற்றுக்குப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலின் உள்ளே பழைய பெயிண்டும் தூசியும் இருந்தால் அது எப்போதோ நின்றுபோனது. விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் இன்னும் நகர்கிறது.

விட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் முனை உளுத்திருக்கிறது. குழாயில் காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், சுரண்டினால் வெள்ளியாய்ப் பளபளத்தால் ஈயம். குடிநீர்க் குழாய் என்றால் தெரு இணைப்பு வரை முழுக்க மாற்ற வேண்டும். கடைசியாக, கழிவுநீர்க் குழாய் வழியில் உள்ள ஆய்வுத் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து மாடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். சட்டென வந்து ஓடினால் நல்லது. தாமதமாக வந்தாலோ தொட்டியில் தேங்கி நின்றாலோ குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கீழ்த்தளச் சுவரில் முட்டி உயரத்துக்குப் பூச்சு உப்பரித்து உதிர்கிறது. கொத்தித் தள்ளிவிட்டு சிமெண்ட் பூசி, மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். விற்கத்தானே போகிறோம், அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. பழைய செங்கல் மிருதுவானது, சாந்து சுண்ணாம்பு. அடியிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் காய்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவர் பிழைத்திருப்பதே அதனால்தான். சிமெண்டால் வழியை அடைத்தால் நீர் எங்கும் போகாது, இன்னும் மேலே ஏறும். முட்டியில் இருந்த கறை இடுப்புக்கு வரும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். தட்டினால் பொள்ளென்று கேட்கும், பிறகு பலகை பலகையாக விழும். வாங்க வருபவர் ஈரமானி கொண்டுவரும் ஆளோடு வந்தால் அதற்கு முன்பே குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தால் தீரும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் நீர் சுவரில் இருக்கிறது. அடியிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டரைத் தாண்டாது. கறை அதற்கு மேலே என்றால் உடைந்த மழைநீர்க் குழாய், ஜன்னல் அடி, மாடிக் குளியலறை என்று தேடுங்கள்.

பழைய தெருக்களில் இன்னொரு காரணம் உண்டு: சாலையை மேலே மேலே போட்டு வெளித்தரை உயர்ந்து, வீட்டின் உள்தரை பள்ளமாகியிருக்கும். வெளித்தரை சுவரின் ஓதத்தடுப்பு அடுக்கிலிருந்து (ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் போடும் அடுக்கு) 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். உங்கள் எல்லைக்குள் மண்ணை வெட்டி இறக்க முடிந்தால் சுவரில் துளையிட்டு ஓதத்தடுப்பு மருந்தை ஊசி போடுவதைவிட அது மேல். பொதுச்சுவரின் நடுவே, தரையோடு தொடர்பில்லாமல் ஒரு திட்டு மட்டும் ஈரமாக இருந்தால் பக்கத்து வீட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். குளியலறைக் குழாய் இருக்கலாம். அப்படியானால் உங்கள் பக்கம் என்ன பூசினாலும் வீண்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு, கறையின் உச்சிக்கு மேல் 30 சென்டிமீட்டர் வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். இணைப்புச் சாந்தை 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாருங்கள், கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள்தான் போகும். நனைந்த சுவர் காய, கனத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அவ்வளவு காத்திருக்க முடியாது என்பதால்தான் சாவி கைக்கு வந்த முதல் வாரமே இந்தப் பூச்சை எடுத்துவிட வேண்டும். மற்ற வேலைகள் நடக்கும் மாதங்கள் முழுக்கச் சுவர் திறந்து காயட்டும். கடைசியில் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். ஜிப்சம் பூச்சும் பட்டியும் அந்த உயரத்தில் வேண்டாம்.

கேள்வி: வீட்டின் நடுவில் வெளிச்சமே இல்லை. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே உள்ள சுவரை முழுசாக எடுத்துவிட்டால் என்ன?

பதில்: விட்டங்கள் அந்தச் சுவருக்கு இணையாக ஓடினால் அது தளத்தைத் தாங்கவில்லை என்று சிலர் உடனே இடிப்பார்கள். ஆனால் அதன் மேலேயே மாடியில் ஒரு தடுப்புச்சுவர் நிற்கலாம்; மாடிப்படி அதில் மாட்டியிருக்கலாம்; இரண்டு பொதுச்சுவர்களும் சாயாமல் நடுவில் பிடித்திருப்பதும் அதுவேயாகலாம். முழுக்க எடுக்காமல், இரண்டு ஓரத்திலும் ஒன்றரை முதல் இரண்டடி சுவரை விட்டுவிட்டு நடுவில் அகலமான வழி திறப்பதே என் பரிந்துரை. உத்தரத்தின் அளவைப் பொறியாளர் சொல்லட்டும். முனை ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டராவது கான்கிரீட் மேடையில் உட்கார வேண்டும். உத்தரத்துக்கும் மேல்சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் கெட்டிச் சாந்தை இறுக்கி அடைத்து, அது இறுகிய பிறகே முட்டுக்களை எடுக்க வேண்டும். மாடியில் புது விரிசல் விழுவது பெரும்பாலும் இந்தச் சந்தைச் சரியாக அடைக்காததால்.

இடிக்காமலே வெளிச்சம் வேண்டுமானால் மாடிப்படிக்கு நேர்மேலே கூரையில் கண்ணாடித் திறப்பு வையுங்கள். ஒரே திறப்பு இரண்டு தளத்துக்கும் வெளிச்சம் தரும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஒரு படுக்கையறையைத் தின்று பெரிய குளியலறை கட்டுவது. அறை எண்ணிக்கை குறைந்தால் விலையும் குறையும்.

கேள்வி: ஒயரிங், குழாய் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழுதான இடத்தை மட்டும் மாற்றலாமா?

பதில்: மெயினை அணைத்த பிறகு, ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்து, ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் உறை பொடியாக உதிர்ந்தால், அல்லது எர்த் ஒயரே இல்லையென்றால், முழுக்க மாற்றுவது தவிர வழியில்லை. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். வாட்டர் ஹீட்டர், அடுப்பு போன்றவற்றுக்குத் தனி ஒயர், தனி எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஒயர் தடிமன் சுமையைப் பொறுத்து 4 அல்லது அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). சுவரில் காடி வெட்டும்போது செங்குத்தாக என்றால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக என்றால் ஆறில் ஒரு பங்கு. அதைத் தாண்டக் கூடாது. பொதுச்சுவரில் கூடியவரை வெட்டவே வேண்டாம். மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரரும் அதே இடத்தில் வெட்டியிருக்கலாம்.

இரும்புக் குழாய் உள்ளே துருவேறி அடைத்துக்கொண்டே வரும். பாதியை மட்டும் மாற்றிச் செம்பை நேராக இரும்பில் இணைத்தால் அந்த மூட்டில் இரும்பு சீக்கிரம் அரிக்கும். புதுக் குழாய் போட்டதும், சுவரை மூடுவதற்கு முன், வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானி இறங்குகிறதா என்று கவனியுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் செலவு இரண்டு மடங்கு.

கேள்வி: சமையலறைக்கும் குளியலறைக்கும் எவ்வளவு செலவழிக்கலாம்?

பதில்: தெருவில் நன்றாக விற்ற வீடுகளின் தரத்துக்கு ஒரு படி மேலே போகாமல். வெளிர் நிறம், நடுத்தரப் பொருள். ஆசைக்கு வாங்கும் இத்தாலிய மார்பிளுக்கு வாங்குபவர் தனியாகக் காசு தரமாட்டார். குளியலறைத் தரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருக்கட்டும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே மச்சைப் பார்த்த பிறகே டைல்ஸ்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டுமா?

பதில்: கட்டாயம், அதுவும் இடிப்பதற்கு முன். பொதுச்சுவரில் உத்தரம் ஏற்றுவதற்கும் கூரை மூலையைத் திறப்பதற்கும் பல இடங்களில் எழுத்துச் சம்மதம் வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்துச் சுவர், மச்சு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்காது. வரிசை வீடுகளில் கழிவுநீர்க் குழாய் பல வீடுகளுக்குப் பொதுவாகப் பின்பக்கம் ஓடுவதுண்டு. அதன்மேல் சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால் அனுமதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே ஆவணம் கேளுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் விற்கும்போது அதே கேள்வி உங்களிடம் வரும்.

சுவர் மூடுவதற்கு முன், ஒயரும் குழாயும் ஓடும் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். அந்தப் படங்கள், அழுத்தச் சோதனைத் தாள், மின்சோதனைச் சான்று, பொறியாளரின் உத்தரக் கணக்கு, பக்கத்து வீட்டுச் சம்மதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, வீடு பார்க்க வருபவர் கேட்பதற்கு முன்பே மேசையில் வையுங்கள்.