மருத்துவர் பதில்: சி வகை வைரஸுக்கு மாத்திரை கேட்காதா?

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. முடி கொட்டுகிறது, ஐந்து கிலோ ஏறிவிட்டது, ராத்திரி கெட்ட கனவு. அப்புறம் அந்த வீடியோ: தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எச்ஐவி சி வகை, வெள்ளைக்காரர்களுக்குச் செய்த மருந்து அதற்குக் கேட்காது, மாதம் ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகாது. கடைசி வரியில் போகிற போக்கில், "போன வருடம் வைரல் லோட் 50க்குக் கீழே, இப்போது 860" என்கிறீர்கள். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்று சொல்லும் எண் அது, இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்!

மற்றதை வேகமாக முடிக்கிறேன். 51 வயதில், மாதவிடாய் நிற்கும் நேரத்தில், முடி கொட்டாவிட்டால்தான் அதிசயம். எடை கூடுவதும் தூக்கம் கெடுவதும் உங்கள் எச்ஐவி மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தைச் சாப்பிடும் பலருக்கு உண்டு. இரண்டுக்கும் வைரஸின் வகைக்கும் சம்பந்தமில்லை.

வீடியோக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை, அதுதான் தொல்லை. இங்கே தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் சி வகைதான், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பி வகை. முன்பு கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்தைத் தோற்கடிக்கும் ஒரு மாற்றம் வைரஸ் நொதியின் 106ஆம் இடத்தில் வரும்; அதற்கு சி வகையின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், பி வகைக்கு இரண்டு மாற வேண்டும். உங்கள் மாத்திரையில் இருக்கும் இன்னொரு மருந்தான டெனோஃபோவிருக்கு எதிரான 65ஆம் இட மாற்றமும் சி வகையில் சுலபமாக வரும். ஆனால் இங்கே 2019 கடைசியிலிருந்து கொடுக்கும், மூன்று மருந்து சேர்ந்த டிஎல்டி மாத்திரையில் முக்கிய ஆள் டோலுடெக்ராவிர், அது தாக்குவது வேறொரு நொதியை. உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வே நோயாளிகளிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், அந்த 65ஆம் இட மாற்றம் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் இந்த மருந்து நன்றாகவே வேலை செய்தது. மருந்து இல்லாமல் போய்விடும் என்று நீங்கள் ராத்திரியெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை.

சரி, 860 எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு, டீகூடக் குடிக்காமல், கிழமை போட்ட டப்பாவைத் திறந்து டிஎல்டி, கால்சியம், இரும்புச்சத்து மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்குகிறீர்கள். கால்சியமும் இரும்பும் வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், அது ரத்தத்தில் சேராது. இரும்போடு சேர்ந்தால் மட்டும் பாதிக்கு மேல் வீண். இந்தக் கால்சியத்தையும் இரும்பையும் யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால், பக்கத்து வீட்டு அக்கா! இனி மூன்றையும் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், அப்போது பிரச்சினை இல்லை. அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்து மட்டும் சாப்பாட்டோடும் சேராது. டிஎல்டி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது, முதலில் அதைக் குடித்துவிட்டால் டிஎல்டிக்கு ஆறு மணி நேரம் காத்திருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம், டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டிபிக்கோ வலிப்புக்கோ புதிதாக மருந்து ஆரம்பித்திருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வார ஓய்வு என்ற பேச்சே வேண்டாம். மருந்து ரத்தத்தில் அரைகுறையாக இருக்கும் நாட்களில்தான் வைரஸ் பெருகிக்கொண்டே மாறவும் கற்றுக்கொள்கிறது. இன்னொரு விஷயம், மருந்தை நிறுத்தினால் மாறிய வைரஸ், மாறாத வைரஸ்களின் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும், வைரஸ் மருந்தை எதிர்க்கிறதா என்று பார்க்கும் எதிர்ப்புப் பரிசோதனை செய்தாலும் ஒன்றுமில்லை என்று தப்பாகக் காட்டும்.

மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் இப்படிச் சாப்பிட்டுவிட்டு வைரல் லோடை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் 50க்குக் கீழே இறங்கிவிடும். இறங்காமல் ஆயிரத்தைத் தாண்டினால், ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்புப் பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள், "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கணவருக்கு நெகட்டிவ் என்கிறீர்கள். 860இல் அவருக்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, இருந்தாலும் அடுத்த ரிசல்ட் வரும்வரை காண்டம் இருக்கட்டும்.