ஜெர்மன் மொழியில் இணையவழி வகுப்பெடுக்க விரும்பும் தம்பிக்கு

ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும் மக்கள் கல்விக்கூடத்தில் மாலைநேர எக்செல் வகுப்பை இணையவழியில், ஜெர்மன் மொழியிலேயே நடத்த அழைத்திருக்கிறார்கள், பி2 (மேல் இடைநிலை) மொழித் தேர்ச்சி போதுமா, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களா, எந்த மைக் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண ஹெட்செட் போதும். உச்சரிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம், தம்பி. தெளிவாகவும் நிதானமாகவும் பேசுகிறவரை இங்கு யாரும் கேலி செய்வதில்லை. நீங்கள் அஞ்ச வேண்டியது வாயைப் பற்றியன்று, காதைப் பற்றி.

பேச வேண்டியதை முந்தின இரவே தயாரித்துக்கொள்ளலாம். வரப்போகும் கேள்வியைத் தயாரிக்க முடியாது. நேரடி வகுப்பில் கேட்பவரின் முகமும் திரையைச் சுட்டும் விரலும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். இணையத்திலோ பலர் கேமராவை அணைத்துவிட்டு, சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்கும் ஸ்வேபிய வழக்கில், அதாவது ஸ்டுட்கார்ட் பக்கத்து வட்டார ஜெர்மனில், கேட்பார்கள். அதிலும் எண்கள்தாம் பெரும் தொல்லை. 47 என்பதை ‘ஏழும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்வதால், ஒருவர் வேகமாக வாசிக்கும் தொகையைக் கேட்டு உங்கள் கை 74 என்று தட்டச்சிடும். 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. ஒன்றேகால் வேண்டுமானால் 1,25 என்று எழுத வேண்டும். எக்செல்லின் ஜெர்மன் பதிப்பில் சூத்திரங்களின் பெயர்களே வேறு, அவற்றினுள் காற்புள்ளி வரும் இடத்தில் அரைப்புள்ளி, விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே வகுப்புக்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் கணினியை முழுவதுமாக ஜெர்மனுக்கு மாற்றி, அன்றாட வேலையை அதிலேயே செய்யுங்கள்.

கேள்விகளை எழுத்தில் அனுப்புமாறு முதல் வகுப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால், பதிலுக்கு முன் அந்தக் கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அவர்களே உடனே திருத்திவிடுவார்கள். திருத்துவதில் ஜெர்மானியர்களுக்கு இணை கிடையாது!

பெர்லினில் அமர்ந்துகொண்டு ஆங்கிலமே போதும் என்று உபதேசிக்கும் நம்மவர்களை நம்பாதீர்கள். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் கணினி நிறுவனத்தார் அல்லர். சிறு கடைக் கணக்கர்களும், வேலைக்குத் திரும்ப விரும்பும் தாய்மார்களும், ஓய்வுபெற்றவர்களுமே மிகுதி.

மற்றோர் எச்சரிக்கை. உங்கள் வதிவிட அனுமதி சுயதொழிலுக்கு இடம் தருகிறதா என்பதை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பூதியத்துக்குக் கற்பிப்பவர், வருமானம் சிறு வரம்பைத் தாண்டினால், பெரும்பாலும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குத் தாமே 18.6 விழுக்காடு கட்ட வேண்டியிருக்கும். நாளை சொந்தமாகப் பதிவு செய்த பாடங்களை விற்கும் எண்ணம் வந்தால், 1977 முதல் நடப்பிலுள்ள தொலைக்கல்விப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். கற்பவரின் தேர்ச்சியைச் சரிபார்க்கும் கட்டணப் பாடம் அச்சட்டத்தின் கீழ் வந்தால், கொல்னில் உள்ள அரசு மையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலின்றி விற்றால் ஒப்பந்தமே செல்லாது. யூடியூபில் ஆலோசனை வழங்கும் நம் தோழர்கள் இதைச் சொல்வதில்லை.

நான் ஸ்டுட்கார்ட் வந்த குளிர்காலத்தில், குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராகப் படிக்கட்டைத் துடைக்கும் முறைவாரத்தைப் பற்றி வீட்டுக்கார அம்மையார் மாடிப்படியில் நின்று நெடுநேரம் விளக்கினார். ஜெர்மன் தேர்ச்சிச் சான்றிதழ் பையில் இருந்தபோதும் எனக்கு ஒரு வாக்கியமும் பிடிபடவில்லை. இறுதியில் அவர் பெருமூச்சு விட்டு, முறைவாரப் பலகையை என் கதவில் மாட்டிவிட்டுப் போனார். அதன்பின் எனக்கு ஆசிரியராக அமைந்தது வானொலியின் போக்குவரத்து அறிவிப்புதான்: ஏ8, ஏ81 நெடுஞ்சாலைகள், லேயோன்பெர்க் சந்திப்பு, இத்தனை கிலோமீட்டர் நெரிசல் என்று நிற்காமல் எண்களாக ஓடும். காலைத் தேநீரோடு அதைக் கேட்டுத் தாளில் எழுதிவருவேன். என் மனைவி அதைப் பார்த்து, சொந்தமாகக் கார்கூட இல்லாத மனிதருக்கு நெடுஞ்சாலை மீது இவ்வளவு அக்கறையா என்பார். இரண்டாம் குளிர்காலத்துக்குள், அறிவிப்பாளர் அடுத்த எண்ணுக்குப் போகுமுன் என் பேனா முந்தின எண்ணை முடித்திருந்தது.