லைக்கா எம் வாங்குவதா, சட்டைப்பைக் கேமரா போதுமா? கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லென்ஸ் மாற்றக்கூடிய, கையால் ஃபோகஸ் செய்யும் லைக்கா எம் வரிசையையும், லென்ஸ் மாற்ற முடியாத, சட்டைப்பையில் அடங்கும் ரிக்கோ ஜிஆர் வரிசையையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவை. ஃபிலிம் பக்கமிருந்தும் சில வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், எம்11க்கும் ஜிஆர் 3க்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம். படத்தில் பத்து மடங்கு தெரியுமா?

தெரியாது. எம்11 2022இல் வந்தபோது உடலுக்கு மட்டும் 8,995 டாலர். லென்ஸுக்குத் தனிக் காசு. ஜிஆர் 3 2019இல் லென்ஸோடு சேர்த்தே சுமார் 900 டாலர். பகல் வெளிச்சத்தில் எஃப்/5.6இல் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும்) எடுத்து ஏ4 தாளில் அச்சிட்டால், எது எதில் எடுத்தது என்று சொல்லத் திணறிப்போவீர்கள். ஜிஆரின் 18.3 மி.மீ. லென்ஸ் (35 மி.மீ. ஃபிலிம் அளவான முழுச் சட்டகக் கணக்கில் 28 மி.மீ.) அவ்வளவு கூர்மையானது. எம்11இன் 60 மெகாபிக்சல் பெரிய அச்சுக்கும் வெட்டி எடுப்பதற்கும் உதவும். அதைத் தாண்டி லைக்காவின் முத்திரையான சிவப்புப் புள்ளிக்குக் கொடுக்கும் காசு என்பது அவரவர் விருப்பம்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் ஆட்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கிறீர்கள்? ஒன்றரை மீட்டருக்குள் புகுந்து, அகலக் கோணத்தில், கணத்தில் எடுத்துவிட்டு நகர்பவர் என்றால் ஜிஆர். இரண்டு முதல் ஐந்து மீட்டரில் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸோடு, மங்கிய வெளிச்சத்தில் மனிதர்களை எடுப்பவர் என்றால் எம். கையில் இருக்கும் பழைய படங்களில் உங்களுக்குப் பிடித்த முப்பதை எடுத்து இந்தத் தூரத்தைப் பாருங்கள். விடை அதிலேயே இருக்கும்.

கேள்வி: எம்மின் ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் கைவருமா அண்ணா? ஆட்டோஃபோகஸிலேயே பழகியவன் நான்.

வரும், கொஞ்ச நாள் பிடிக்கும். வ்யூஃபைண்டரின் (கண் வைத்துப் பார்க்கும் சாளரம்) நடுவில் சின்னக் கட்டத்தில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்பக்க விளிம்பு கேமராவுக்குள் உள்ள சிறு உருளையைத் தள்ளும், அது உள்ளிருக்கும் சிறு லென்ஸை அசைக்கும், இரட்டை உருவம் ஒன்றாகும். அவ்வளவுதான் இயந்திரம். நேர்க்கோடு உள்ள இடத்தில் (சட்டைக் காலர், கண்ணாடிச் சட்டம், கதவு விளிம்பு) சேர்ப்பது எளிது. ஒரே நிறச் சுவரில் கஷ்டம்.

தவறு பெரும்பாலும் ஃபோகஸ் செய்வதில் வருவதில்லை, செய்த பிறகு வருகிறது. நடுக்கட்டத்தில் கண்ணைப் பிடித்துவிட்டு, ஆளை ஓரத்துக்குத் தள்ள கேமராவைத் திருப்புகிறோம். உடம்பும் கொஞ்சம் சாய்கிறது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.4இல் ஒரு மீட்டர் தூரத்தில் கூர்மை நிற்பது மொத்தம் சுமார் 3 செ.மீ. சாய்ந்தால் மூக்கு கூர்மை, கண் மங்கல். முதல் மாதம் எஃப்/4க்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்னொன்று: நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு ரோல் முழுக்க எடுக்கலாம், கேமரா ஒன்றும் சொல்லாது.

கேள்வி: ஜிஆரில் ஸ்னாப் ஃபோகஸுக்கு என்ன அமைப்பு வைக்கலாம்?

முன்பே குறித்த தூரத்தில் ஃபோகஸை நிறுத்திவைப்பதுதான் ஸ்னாப். தூரத்தை 2 மீட்டரில் வையுங்கள். ஏவி மோடு (லென்ஸ் திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, உச்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/250 வினாடி. ‘ஃபுல் பிரஸ் ஸ்னாப்’பை இயக்கிவிட்டால், பொத்தானைப் பாதி அழுத்தும்போது ஆட்டோஃபோகஸ், ஒரே மூச்சில் முழுக்க அழுத்தினால் 2 மீட்டர்.

அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) கணக்கு இது. எஃப்/8இல் ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து முப்பது மீட்டருக்கும் அப்பால் வரை கூர்மை. எஃப்/5.6இல் 1.2 முதல் 6 மீட்டர். எஃப்/2.8இல் ஒன்றரை முதல் 3 மீட்டர்தான். சாயங்காலம் எஃப்/2.8க்கு வந்த பிறகும் ஸ்னாப்பை நம்பி, பிறகு கேமராவைக் குறை சொல்பவர்கள் நிறைய. இருட்டில் ஜிஆரின் ஆட்டோஃபோகஸும் தடவும். அங்கே ஸ்னாப்பை வைத்துக்கொண்டு, ஆள் இரண்டு மீட்டருக்கு வரும்வரை காத்திருப்பதுதான் வழி. கையை நீட்டினால் எவ்வளவு, இரண்டு எட்டு வைத்தால் எவ்வளவு என்று டேப்பில் அளந்து பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டவன். எம் ஒத்துவருமா?

35, 50 என்றால் வரும். 0.72 உருப்பெருக்கமுள்ள எம் உடல்களில் 28 மி.மீ. சட்டகக் கோடு (படத்தின் எல்லையைக் காட்டுவது) கண்ணாடியோடு முழுசாகத் தெரியாது. கண்ணை உருட்டி ஓரங்களைத் தேட வேண்டும். எம் வ்யூஃபைண்டரின் இயல்பு அமைப்பு −0.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அளவு), திருகி மாற்ற முடியாது. திருத்த லென்ஸைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். சிலிண்டர் பவர் கூடுதலாக இருந்தால் இரட்டை உருவத்தின் ஓரம் கரைந்து தெரியும், அப்போது கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது. 28 மி.மீ.தான் உங்கள் கோணம் என்றால் ஜிஆரின் திரை எவ்வளவோ மேல், உச்சி வெயிலைத் தவிர.

கேள்வி: ஜிஆரில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, எம்மில் இல்லை. அப்படியானால் இருட்டில் ஜிஆர்தானே மேல்?

அசையாத பொருளுக்கு, ஆமாம். கட்டடம், கடைப் பலகை, தூங்குகிற பூனை: ஜிஆரில் 1/15இல் கையில் பிடித்தே எடுக்கலாம். எம்11இல் 35 மி.மீ. லென்ஸோடு 1/125க்குக் கீழே போனால் 60 மெகாபிக்சல் உங்கள் கைநடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரில் பேசிக்கொண்டிருப்பவரின் கையை நிறுத்தாது. ஆட்களுக்கு 1/125 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜிஆர் எஃப்/2.8இல் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் இடத்தில் எஃப்/1.4 லென்ஸுக்கு 1600 போதும். அதோடு சென்சாரும் பெரியது. எம்முக்கு உண்மையான சாதகம் இந்த இடத்தில்தான்.

கேள்வி: குழந்தை, சாப்பாடு, சின்னப் பொருள்கள்?

ஜிஆர். எம் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.7 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. ஜிஆர் 3 சாதாரணமாகவே 10 செ.மீ. வரை வரும், மேக்ரோவில் 6 செ.மீ.

கேள்வி: பழைய எம் வாங்கப் போகிறேன். கடையில் எதைச் சோதிப்பது?

ஒரு 50 மி.மீ. லென்ஸையும் சின்ன டார்ச்சையும் கொண்டுபோங்கள்.

லென்ஸை முடிவிலிவரை திருப்பி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ நிலவையோ பாருங்கள். இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸே தப்பு. மேல்கீழாக விலகினால் ஃபோகஸ் தப்பாது, ஆனால் சேர்ப்பது எரிச்சல். இரண்டையும் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார்; விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். டிஜிட்டல் என்றால் அடுத்து செய்தித்தாளை 45 பாகை சாய்த்து வைத்து, ஒரு மீட்டரில், லென்ஸை முழுக்கத் திறந்து, ஒரு வரியைக் குறிவைத்து ஐந்தாறு படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும். எல்லாப் படமும் ஒரே பக்கம் தப்பினால் சீரமைப்பு போயிருக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தப்பினால் அது உங்கள் கை. ஒரு லென்ஸில் மட்டும் தப்பினால் உடலைத் தொடாதீர்கள், கோளாறு லென்ஸில். ஸைஸ் நிறுவனத்தின் ‘சி ஸோனார்’ 50 எஃப்/1.5 போன்ற சில லென்ஸ்களில் அப்பெர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஃபோகஸ் நகரும். அது பழுதல்ல, அதன் இயல்பு.

எம்6 போன்ற ஃபிலிம் உடல் என்றால், லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, இருட்டான மூலையில் முன்னாலிருந்து டார்ச் அடியுங்கள். துணி ஷட்டரில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. லென்ஸைத் திறந்தபடி வெயிலில் காட்டி வைத்தால் சூரியனே அந்தத் துணியைச் சுட்டுவிடும். பழைய எம்6இன் மேல்தகடு துத்தநாக வார்ப்பு; பூச்சுக்கடியில் கொப்புளம் இருந்தால் அழகுக் குறைதான், ஓட்டத்தைப் பாதிக்காது.

டிஜிட்டலில் எம்9, எம்9-பி, எம்-ஈ, முதல் மோனோக்ரோம் ஆகியவற்றின் சிசிடி சென்சார் மேல் கண்ணாடி அரிக்கும் தன்மையுடையது. எஃப்/16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள். சுற்றிலும் வளையத்தோடு, துடைத்தும் போகாத புள்ளிகள் இருந்தால் விலகிவிடுங்கள். அரிக்காத புதிய வகைச் சென்சார் மாற்றியதற்கான சர்வீஸ் சீட்டு இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

கேள்வி: ஃபிலிமில் எம்6ஆ, கான்டாக்ஸ் டி2ஆ? இரண்டுக்கும் காசில்லை என்றால்?

டி2 1990இல் வந்தது. 38 மி.மீ. எஃப்/2.8 ‘ஸோனார்’ லென்ஸ், டைட்டானியம் உடல். படம் அருமை. ஆனால் உள்ளே முழுக்க எலக்ட்ரானிக்ஸ். உள்ளிருக்கும் பட்டை ஒயரோ மோட்டாரோ போனால், செத்த இன்னொரு டி2இலிருந்துதான் பாகம் எடுக்க வேண்டும். எம்6இல் இரண்டு எஸ்ஆர்44 பேட்டரியும் ஒளிமானிக்கு மட்டும். தீர்ந்துபோனாலும் எல்லா ஷட்டர் வேகமும் ஓடும். டி2 வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காசில்லை என்றால் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. 1979, ஒலிம்பஸின் வடிவமைப்பாளர் மைத்தானி வடிவமைத்தது, 225 கிராம், 35 மி.மீ. எஃப்/2.8, உண்மையான ரேஞ்ச்ஃபைண்டர், சட்டைப்பையில் அடங்கும். உங்கள் இரண்டு ஆசைக்கும் நடுவில் இதுதான் நிற்கிறது. நடுக்கட்டம் மங்கிப்போகாத ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். பை பெரிதென்றால் கேனனட் க்யூஎல்17 ஜி-3, 40 மி.மீ. எஃப்/1.7. அது 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்குச் செய்தது, அது இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் ஒளிக்கணக்கு தப்பும். காதுக் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்தோடு போடுங்கள், 1.4 வோல்ட், சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் ஓடும். பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் நுரை பிசுபிசுத்திருந்தால் மாற்றாமல் ஃபிலிம் போடாதீர்கள்.

கேள்வி: ஜிஆரில் தூசி புகுமாமே?

புகும். லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றோடு உள்ளே போகிறது. எம்மில் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம், இதில் பிரிக்க வேண்டும். ஜிஆர் 3இல் சென்சாரை உதறும் வசதி உண்டு. ஒட்டிய தூசிக்கு அது போதாது. ஜீன்ஸ் பையில் வெறுமனே போடாமல் சின்ன உறையில் வையுங்கள், பஞ்சு உதிராத துணியாக இருக்கட்டும். எஃப்/11க்கு மேல் சுருக்காதீர்கள்; வெளிச்சம் மிஞ்சினால் உள்ளேயே இருக்கும் இரண்டு ஸ்டாப் என்டி ஃபில்டரை இயக்கலாம்.

கேள்வி: கடற்கரை ஊர். எது தாங்கும்?

எம்11, ஜிஆர் 3 இரண்டுக்கும் மழை, உப்புக்காற்றுக் காப்பு கிடையாது. பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றுதான். மூடி இறுகும் பெட்டியில் ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும் வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். தோல் உறையில் கேமராவைப் பூட்டி அலமாரியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. உறை வெளியே இருக்கட்டும், கேமரா பெட்டிக்குள்.

கேள்வி: எம் வாங்கினால் முதல் லென்ஸ்?

35 மி.மீ., எஃப்/2. லைக்காவேதான் என்றில்லை, ஸைஸ் பயோகோன் 35 எஃப்/2 போதும். விரல் பிடி உள்ள லென்ஸ் கிடைத்தால் அதையே எடுங்கள். பிடி நேர் கீழே நிற்கும்போது எத்தனை மீட்டர் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், கேமராவைக் கண்ணுக்கு எடுப்பதற்குள் பாதி ஃபோகஸ் முடிந்திருக்கும். பழைய 39 மி.மீ. திருகு விட்டமுள்ள லென்ஸ் வாங்கினால் அந்தக் குவியத்தூரத்துக்கு (35, 50 போன்ற அளவு) உரிய, எம்மில் பொருத்தும் இணைப்பு வளையத்தையே கேளுங்கள், மாற்றிப் போட்டால் தவறான சட்டகக் கோடு எழும்பும்.